மண்டலத்தின் முன்னே நிற்கும் விண்மீன்கள்

விண்மீன் மண்டலம் ஒன்றின் ஒளிப்படத்தை நீங்கள் எல்லோரும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். பாடநூலின் அட்டையிலோ, நாட்காட்டியிலோ, கைத்தொலைபேசியின் திரையிலோ அது உங்கள் கண்ணிற் பட்டிருக்கும். நடுவே பொன்னிறமான ஒரு கரு. அதனைச் சுற்றி நீல நிறத்திற் சுருண்டு செல்லும் கரங்கள். படம் முழுவதும் அரிசியை வாரி இறைத்தாற்போல எண்ணிறந்த ஒளிப்புள்ளிகள். இப்புள்ளிகள் யாவும் அந்த மண்டலத்தைச் சேர்ந்த விண்மீன்களே என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் உண்மை வேறு.

மழை நாளொன்றில் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் அமர்ந்து வரக்காப்பொலையைக் கடந்து செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யன்னற் கண்ணாடியில் மழைத்துளிகள். அப்பால் கேகாலைப் பக்கத்து மலைகள். துளிகள் மலையின்மேற் கிடப்பனபோலத் தோன்றினும், அவை இருப்பது கைக்கெட்டும் கண்ணாடியிலேதான். வானத்திலும் இதுவே நிகழ்கிறது. நம்முடைய சூரியன் பால்வீதி என்னும் மண்டலத்தின் உள்ளே இருக்கின்ற ஒரு விண்மீன். பால்வீதிக்குள் இருந்துகொண்டே வெளியிலுள்ள மண்டலங்களை நாம் நோக்குகின்றோம். ஆதலின் பால்வீதிக்குரிய விண்மீன்கள் குறுக்கே நிற்கின்றன. அந்திரோமீடா மண்டலம் நமக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் படத்திற் பளிச்சிடும் புள்ளிகளோ, பெரும்பாலும் சில நூறு அல்லது சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ளவை. அவை கண்ணாடியின் துளிகள், மண்டலமே மலை.

வானத்தைப் பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் ஆர்வலர்கள் இன்று உலகெங்கும் பெருகியிருக்கின்றனர். நம் நாட்டிலும் ஒரு கமெராவும் சிறிய தொலைகாட்டியும் கொண்டு இம்முயற்சியில் ஈடுபடும் இளைஞர்கள் உள்ளனர். இவர்கள் அனைவரையும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. குறுக்கே நிற்கும் இவ்விண்மீன்களை என்ன செய்வது? அப்படியே விடுவதா, சிறிதாக்குவதா, அடியோடு அழித்துவிடுவதா? கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் விண்மீன்கள் அத்தனையும் மறைந்துவிடும் காலம் இது. எனவே, இது அழகைப் பற்றிய வினா மட்டுமன்று. உண்மையைப் பற்றிய வினாவுமாகும். அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நம் வானத்தைப் பற்றிச் சில சொற்கள். வரக்காப்பொல வட அகலாங்கு 7 பாகையில் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதனால், வடவானத்தையும் தென்வானத்தையும் ஒருங்கே காணும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. அந்திரோமீடா மண்டலம் வடக்கே 56 பாகை உயரம் வரை எழுகிறது. ஐரோப்பியர் பலர் காணவே முடியாத சென்டோரஸ் மண்டலம், அதாவது என்.ஜி.சி. 5128, தெற்கே 40 பாகை உயரத்தை எட்டுகிறது. பெரிய மகெலன் முகில் ஜனவரி மாதத்து இரவு 10 மணியளவில் தென்னடிவானுக்கு மேலே 13 பாகை உயரத்தில் நிற்கும். சிறிய முகில் அதனினும் தாழ்ந்தது. தென்றிசையில் மலையோ மரமோ மறைக்காத இடமாயின் இவற்றையும் படம் பிடிக்கலாம்.

பேறு உண்டாயின் தடையும் உண்டு. சப்ரகமுவ ஈரவலயத்தைச் சேர்ந்தது. இரு பருவ மழைகளுக்கும் இடையிலே தெளிந்த இரவுகள் அரிதாகவே கிடைக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே ஓரளவு நம்பத்தக்கது. தெளிந்த இரவிலும் காற்றில் ஈரம் மிகுதி. தென்மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பின் வெளிச்சம் அடிவானத்தை வெளிறச் செய்கிறது. அன்றியும் இன்னொரு சங்கடம்: துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் நிற்குமோ, அத்தனையே அவ்வூரின் அகலாங்கு. நமக்கு அது 7 பாகையே. தோட்டத்து மரங்களுக்குப் பின்னே அது மறைந்துவிடும். வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் கருவியைத் துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டிய ஆர்வலர், அந்த நட்சத்திரத்தைக் காணாமலே, வேறு விண்மீன்கள் மெல்ல நகர்வதைப் பார்த்துப் பார்த்துக் கருவியைத் திருத்தவேண்டியிருக்கிறது. அக்கருவி இன்றேல், வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்வதனால், விண்மீன்கள் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகவே பதியும்.

சரி, கருவி ஒழுங்காகத் தொடர்கிறது, படமும் பதிவாகிறது. அப்போதும் விண்மீன் ஒரு புள்ளியாகப் பதிவதில்லை. சிறு வட்டமாகவே பதிகிறது. இது ஏன்? பூமியிலிருந்து நோக்கும்போது மிகப் பெரிதாகத் தோன்றும் விண்மீன்களுள் ஒன்று திருவாதிரை. ஒரு பாகையை 3600 கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை மீண்டும் இருபதாகப் பகுத்தால் வரும் சிறு அளவே அதன் தோற்ற அகலம். மற்றவற்றுட் பெரும்பாலானவை இதனினும் மிகச் சிறியவை. ஆனால், நம் தலைக்கு மேலே அலைந்துகொண்டிருக்கும் காற்று விண்மீனின் ஒளியை அங்குமிங்கும் அசைத்து, இரண்டு மூன்று கூறு அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. விண்மீன் கண்சிமிட்டுவதும் இதனாலேயே. வில்லையும் ஆடியும் தம் பங்குக்கு ஒளியைச் சிறிது சிதறச் செய்கின்றன. வில்லையிற் பனி படிந்துவிட்டாலோ, ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி ஒரு மங்கிய வளையம் தோன்றிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இது நாள்தோறும் நிகழக்கூடியது. ஆகவேதான் வில்லையைச் சுற்றி இளஞ்சூடு தரும் நாடாவைக் கட்டிக்கொள்கின்றனர்.

மூன்றாவது காரணம் கமெராவின் உள்ளேயே இருக்கிறது. இறப்பர்த் தோட்டத்தில் வாழ்வோருக்கு இதனை விளக்குவது எளிது. மரந்தோறும் பால் வடியும் சிரட்டை கட்டப்பட்டிருக்கிறது அல்லவா? கமெராவின் ஒளியுணர் தகட்டிலும் இவ்வாறே இலட்சக்கணக்கான நுண்ணிய சிரட்டைகள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றிலே பாலுக்குப் பதிலாக ஒளி சேர்கிறது. அரைச் சிரட்டை பால் இருந்தால் மரம் எவ்வளவு தந்தது என்று அளந்து கூறலாம். சிரட்டை நிரம்பி வழிந்துவிட்டாலோ, அதற்கு மேல் மரம் ஒரு சொட்டுத் தந்ததா ஒரு படி தந்ததா என்று எவராலும் கூற முடியாது. பிரகாசமான விண்மீன் விழும் இடத்திலுள்ள சிரட்டைகள் சில செக்கன்களுக்குள் நிரம்பிவிடுகின்றன. மங்கலான மண்டலத்தின் ஒளியோ சொட்டுச் சொட்டாகவே விழுகிறது.

இதனால் இழப்பது அளவை மட்டுமன்று, நிறத்தையும் இழக்கின்றோம். சிரட்டைகளிற் சில சிவப்பொளியையும், சில பச்சையையும், சில நீலத்தையும் ஏற்பவை. மூன்றும் நிரம்பி வழிந்தால் விளைவது வெறும் வெள்ளை. விண்மீனின் நிறமோ பொருளற்ற அலங்காரம் அன்று. அது வெப்பத்தைக் காட்டும் அளவுகோல். செந்நிறமான கேட்டையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,500 கெல்வின். நம் சூரியனுடையது ஏறத்தாழ 5,800. நீலவெண்மையான சித்திரையினுடையது 20,000க்கும் மேற்பட்டது. படத்தில் மூன்றையும் ஒரே வெள்ளைப் பொட்டாக்கிவிட்டால், வானம் எழுதிய ஒரு குறிப்பை நாம் அழித்துவிட்டோம் என்பதே பொருள். எனவே, விண்மீன்களைச் சீராக்கும் வேலை கணினியில் அன்று, படம் பிடிக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஒளியை ஏற்காமல், அதனை ஒரு நிமிட அளவான அறுபது படங்களாகப் பிரித்து எடுப்பதும், பிரகாசமான விண்மீன்களுக்கென மிகக் குறுகிய நேரப் படங்கள் சிலவற்றைத் தனியே எடுப்பதும் இதற்காகவே.

இவ்வாறு எடுத்த படங்களைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறது. நூறு படங்களை அடுக்கினால், படத்திற் புழுதிபோலக் காணப்படும் ஒழுங்கற்ற இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. கட்டுநாயக்காவில் இறங்கும் விமானத்தின் விளக்குகளும், செயற்கைக் கோள்களின் கோடுகளும் ஒரு படத்தில் மட்டுமே இருப்பதால் இச்சராசரியில் ஒதுக்கப்படுகின்றன. இங்கே கருத்தில் வைக்கத்தக்க ஒன்று உண்டு. ஒரு படத்தை இன்னொரு படத்தின்மேல் இம்மியும் பிசகாமற் பொருத்துவதற்குக் கணினி எதனை அடையாளமாகக் கொள்கிறது? மண்டலத்தை அன்று, முன்னிற்கும் விண்மீன்களையே. மும்மூன்று விண்மீன்கள் அமைக்கும் முக்கோணங்களை ஒப்பிட்டுத்தான் படங்கள் பொருத்தப்படுகின்றன. இடையூறு என்று நாம் கருதிய துளிகளே எல்லைக் கற்களாக நின்று உதவுகின்றன.

அடுத்த படியிலேதான் உண்மையான இடர் எழுகிறது. அடுக்கி முடித்த படத்தைத் திறந்து பார்த்தால் அது ஏறக்குறைய முழுக் கறுப்பாகவே இருக்கும். சில விண்மீன்கள் தெரியும். மண்டலத்தின் கரு சற்றே தெரியும். கரங்களைக் காண முடியாது. அவற்றின் ஒளி வானத்தின் இயல்பான வெளிச்சத்தினும் மிகச் சிறிதே கூடியது. அந்திரோமீடா மண்டலம் வானத்தில் முழுநிலவைப்போல் ஆறு மடங்கு அகலமானது. எனினும் வெறுங்கண்ணுக்கு அதன் நடுப்பகுதி மட்டும் ஒரு மங்கிய திட்டாகத் தெரிவது இதனாலேயே. ஆகவே, மங்கலான பகுதிகளை மட்டும் உயர்த்திக் காட்டவேண்டும். இதனைப் படத்தை விரித்தல் என்பர்.

விரித்தலின்போது விண்மீன்களுக்கு என்ன நேர்கிறது? விடியற்காலையிற் பள்ளத்தாக்கை மூடிய மூடுபனியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடுபனிக்கு மேலே மலைகளின் உச்சிகள் மட்டும் சிறு சிறு தீவுகளாகத் தெரிகின்றன. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள வயல்களைக் காணவேண்டுமாயின் மூடுபனி இறங்கவேண்டும். அது இறங்க இறங்க வயல்கள் புலப்படும். ஆனால், அதே வேளையில் ஒவ்வொரு மலையின் அடிவாரமும் அகன்று அகன்று வெளிப்படும். மலை வளரவில்லை, அதன் மறைந்திருந்த அடிப்பகுதி தெரிகிறது, அவ்வளவே. விண்மீன்களும் இத்தகையனவே. ஒரே படத்தில் எல்லா விண்மீன்களும் ஒரே வடிவிலேதான் பரவியிருக்கின்றன. பிரகாசமானது உயரமான மலை. ஆதலால் அதன் அடிவாரம் அகலமாகத் தெரிகிறது. படத்தில் ஒரு விண்மீன் பெரிய வட்டமாக இருப்பது அதன் பருமனைக் காட்டுவதன்று. அதன் பிரகாசத்தையும் நாம் மூடுபனியை எவ்வளவு இறக்கினோம் என்பதையுமே காட்டுகிறது. மண்டலத்தின் மெல்லிய கரங்களைக் காணும் ஆவலால் மிகையாக விரித்தால், வீங்கிய வெள்ளைப் பொட்டுகள் மண்டலத்தையே மூடிவிடும்.

இவ்விடரைத் தீர்ப்பதற்கு முன்னோர் இருட்டறையில் அரும்பாடு பட்டனர். வேல்சு நாட்டவரான ஐசக் றொபேட்ஸ் என்னும் ஆர்வலர் 1888 ஆம் ஆண்டு டிசெம்பரில் தம் 20 அங்குலத் தொலைகாட்டியால் எடுத்த படமே அந்திரோமீடாவின் சுருள் அமைப்பை வெளிக்காட்டிய முதற் படங்களுள் ஒன்று. பிற்காலத்தில், 1970களில், அவுஸ்திரேலியாவில் டேவிட் மாலின் என்பார், மூலத் தகட்டின் மங்கிய நகல் ஒன்றை எடுத்து அதனையே மறைப்பாக வைத்து அச்சிட்டு, பிரகாசமான பகுதிகளை அடக்கி மங்கலானவற்றை எழச்செய்யும் முறையைச் சிறப்புற வளர்த்தார். இருட்டறை மறைந்தும் அக்கருத்து மறையவில்லை. இன்று கணினியில் விண்மீன்கள் உள்ள இடங்களை மட்டும் தெரிந்தெடுத்து மறைத்து, மீதியை விரிக்கின்றனர்.

அண்மைக் காலத்தில் இதனினும் வலிய வழி ஒன்று வந்திருக்கிறது. ஸ்டார்நெட் முதலிய நிரல்கள் படத்திலுள்ள விண்மீன்களைத் தாமாகவே இனங்கண்டு பிரித்தெடுத்துவிடுகின்றன. ஒரு படம் இரண்டாகிறது: விண்மீன்கள் நீங்கிய மண்டலம் ஒன்று, கறுப்புப் பின்னணியில் விண்மீன்கள் மட்டும் மற்றொன்று. மண்டலத்தை வேண்டிய அளவு விரித்து, விண்மீன்களை அளவாக, நிறங் கெடாமல் விரித்து, பின்னர் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சிரில் என்னும் இலவச நிரலின் துணையோடு இவ்வேலையைப் பணச்செலவின்றிச் செய்யமுடியும். பொருள் வளம் குறைந்த ஊரிலிருந்து முயலும் மாணவனுக்கு இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஒன்றை மறத்தலாகாது. விண்மீனை எடுத்த இடத்தில் வெற்றிடம் இருத்தல் இயலாது. அதனை எதனால் நிரப்புகிறது அந்த நிரல்? ஊகத்தினால் நிரப்புகிறது. ஆயிரமாயிரம் படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட அது, சுற்றுப்புறத்தைப் பார்த்து, இங்கே இத்தகைய ஒளி இருந்திருக்கும் என்று கருதி வரைந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பொருத்தமாகவே இருக்கும். எனினும் அது கமெரா கண்டதன்று. அன்றியும், அருகிலுள்ள மண்டலங்களின் கரங்களிலே அவற்றுக்கே உரிய விண்மீன் கொத்துகளும், ஒளிரும் வாயுத் திரள்களும் புள்ளிகளாகவே தோற்றமளிக்கும். கண்ணாடியின் துளி எது, மலையின் மேலுள்ள விளக்கு எது என்று நிரலுக்குத் தெரியாது. இரண்டையும் ஒருங்கே துடைத்துவிடக் கூடும்.

மலைமேலுள்ள ஒரு விளக்கு எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1923 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் நிலையத்து 100 அங்குலத் தொலைகாட்டியால் எட்வின் ஹபிள் அந்திரோமீடாவைப் படம் பிடித்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியைக் கண்டு, திடீரென ஒளிவிடும் புதுமீன் என்று கருதி ஓர் எழுத்தால் அடையாளமிட்டார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அப்புள்ளி ஒளி கூடியும் குறைந்தும் வருவது தெரிந்தது. முன்னைய எழுத்தை அடித்துவிட்டு, அது மாறும் விண்மீன் என்று வியப்புக்குறியோடு குறித்தார். இவ்வகை மாறும் விண்மீன்களின் கால அளவுக்கும் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை ஹென்றியேற்றா லெவிற் என்னும் பெண்மணி 1912 ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அவர் ஆராய்ந்தவை, நம் தென்வானத்திலும் தாழ்ந்து தோன்றும் சிறிய மகெலன் முகிலின் விண்மீன்கள். அத்தொடர்பைக் கொண்டு ஹபிள் கணித்த தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. இன்றைய அளவினும் அது குறைவே. ஆயினும் அந்திரோமீடா பால்வீதிக்குப் புறம்பான தனி மண்டலம் என்பதை நிலைநாட்ட அது போதுமானதாயிற்று. ஒரே ஒரு புள்ளி பேரண்டத்தின் எல்லையை விரித்தது.

நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. சென்னையிற் பிறந்த வைணு பாப்பு 1949 ஆம் ஆண்டு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது, ஒளிப்படத் தகடு ஒன்றில் விண்மீன்களுக்கிடையே பொருந்தாத ஓர் ஒளியைக் கண்டார். அது புதிய வால்வெள்ளி. அவர் பெயரோடு மேலும் இருவர் பெயரையும் அது தாங்கி நிற்கிறது. பின்னாளில் அவர் ஜவ்வாது மலைப்பகுதியிலுள்ள காவலூரில் நிறுவிய வானாய்வு நிலையம் 1986 முதல் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவை பெரிய நிலையங்களின் கதைகள். சாதாரண ஆர்வலருக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். 2023 ஆம் ஆண்டு மே 19 ஆம் நாள் யப்பானைச் சேர்ந்த கோயிச்சி இத்தகாக்கி என்னும் ஆர்வலர், மெசியே 101 என்னும் மண்டலத்தின் கரத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார். அது வெடித்துச் சிதறிய பெருவிண்மீன். அவ்வொளி நம்மை அடைய ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள் பயணஞ் செய்திருக்கிறது. அவர் அறிவித்தபின், அதற்கு முந்திய மணித்தியாலங்களில் உலகின் வேறிடங்களிலுள்ள ஆர்வலர் எடுத்த படங்களும் தேடி ஆராயப்பட்டன. வெடிப்பின் தொடக்கம் எவ்வாறு இருந்தது என்பதை அறிய அவை உதவின. அந்த மண்டலம் வரக்காப்பொலை வானத்தில் 43 பாகை உயரம் வரை எழுவது. அந்நாள்களில் இங்கிருந்து ஒருவர் அதனைப் படம் பிடித்து, விண்மீன் நீக்கும் பொத்தானை அழுத்தி, மூலப் படங்களையும் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு கோடி ஆண்டுகள் பயணஞ் செய்து வந்த செய்தி ஒரு நொடியிற் துடைக்கப்பட்டிருக்கும்.

அவ்வாறாயின் விண்மீன்களைத் தொடவே கூடாதா? அப்படியும் கூறுவதற்கில்லை. மறுபக்கத்துக்கும் வலுவான சான்று இருக்கிறது. யான் சாந்தி, மார்செல் திரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரொட்னர் என்னும் ஐரோப்பிய ஆர்வலர்கள் அந்திரோமீடாவைப் பல இரவுகள் படம் பிடித்தனர். ஒட்சிசன் வாயு வெளியிடும் குறிப்பிட்ட நீலப்பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை அவர்கள் பயன்படுத்தினர். இத்தகைய வடிகட்டி விண்மீன்களின் ஒளியிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். விண்மீன்கள் அடங்கியபோது, நூறாண்டுகளுக்கு மேலாக எண்ணற்றோர் படம் பிடித்த அம்மண்டலத்தின் அருகே, எவரும் காணாத ஒரு பெரிய ஒளிவில் புலப்பட்டது. அவர்கள் அதனை உடனே பறைசாற்றவில்லை. வேறு தொலைகாட்டிகளாலும் அதனைச் சரிபார்த்த பின்னரே 2023 ஆம் ஆண்டு ஜனவரியில் விஞ்ஞானிகளோடு சேர்ந்து வெளியிட்டனர். அவர்களுடைய படம் அவ்வாண்டு கிரீனிச்சு வானாய்வு நிலையத்தின் வானியல் ஒளிப்படப் போட்டியில் முதலிடம் பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். ஒன்றில் புள்ளியைக் காத்ததால் அறிவு பெருகியது. மற்றொன்றில் புள்ளிகளை அடக்கியதால் அறிவு பெருகியது. எனவே, விண்மீனை நீக்குவது பிழையா சரியா என்பது வினாவன்று. நீக்கியவர் மூலத்தைக் காத்தாரா, தாம் செய்ததைச் சொன்னாரா, கண்டதை மீண்டும் சோதித்தாரா என்பதே வினா.

இதிலிருந்து ஆர்வலர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் தாமே பிறக்கின்றன. முதலாவது, கமெராவிலிருந்து வந்த மூலப் படங்களை ஒருபோதும் அழித்தலாகாது. நாளும் நேரமும் குறித்துப் பேணவேண்டும். இரண்டாவது, விண்மீனை நீக்குமுன் அம்மண்டலத்தின் பழைய படம் ஒன்றோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மூன்றாவது, பிரித்தெடுத்த விண்மீன்களை மீண்டும் சேர்க்கும்போது சற்றே சிறிதாக்கலாம். ஆனால், பிரகாசமானது பிரகாசமானதாகவும், மங்கியது மங்கியதாகவும், சிவந்தது சிவந்ததாகவும் இருத்தல் வேண்டும். 2013 ஆம் ஆண்டு ஏவப்பட்டு 2025 ஜனவரியில் தன் அவதானிப்பை முடித்துக்கொண்ட கையா என்னும் ஐரோப்பிய விண்கலம், ஏறத்தாழ இருநூறு கோடி விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அட்டவணைப்படுத்தித் தந்திருக்கிறது. படத்திலுள்ள விண்மீன்களை அவ்வட்டவணையோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் வசதியும் இன்றைய நிரல்களில் உண்டு. முன்னிற்கும் விண்மீன்களின் நிறம் சரியானால், பின்னிற்கும் மண்டலத்தின் நிறமும் நம்பத்தக்கதாகிறது. துளிகளை அறவே துடைத்துவிட்டவருக்கு இந்த அளவுகோல் இல்லை.

நான்காவது நெறியே எல்லாவற்றிலும் தலையாயது. இல்லாததைச் சேர்த்தலாகாது. சிலவகைத் தொலைகாட்டிகளில், உள்ளே ஆடியைத் தாங்கும் கம்பிகளால், பிரகாசமான விண்மீனிலிருந்து நான்கு கதிர்கள் நீண்டு தோன்றும். அழகாயிருக்கிறது என்று கருதி, அத்தகைய கம்பிகளே இல்லாத கருவியால் எடுத்த படத்திலும் கணினியால் இக்கதிர்களை வரைந்து வைப்பவர் உளர். அலங்காரம் என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அதிற் குற்றமில்லை. சொல்லாமற் செய்தால், படத்தைப் பார்த்து வானத்தைக் கற்கும் சிறுவனை அது ஏமாற்றுகிறது.

நேயர்களே, இந்நாட்டில் வான ஆராய்ச்சிக்கு ஆர்வலரின் பங்கு புதியதன்று. கொழும்பிற் பிறந்து, படைத்துறைப் பொறியியலாளராகத் திருகோணமலையில் வாழ்ந்து, 1908 ஆம் ஆண்டில் மறைந்த பேர்சி மோல்ஸ்வேத், ஓய்வு நேரத்தில் தம் சொந்தத் தொலைகாட்டியால் வியாழனையும் செவ்வாயையும் கண்டு வரைந்த குறிப்புகள் அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றவை. அவரிடம் ஒளியுணர் தகடும் இல்லை, கணினியும் இல்லை. கண்டதைக் கண்டவாறே, நேரங் குறித்து எழுதிவைத்த ஒழுக்கம் இருந்தது. மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிறுவனத்தில் யப்பான் அன்பளிப்பாக வழங்கிய 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி 1996 முதல் இருக்கிறது. அத்தகைய கருவி எல்லோருக்கும் கிட்டாது. ஆனால், மோல்ஸ்வேத்திடம் இருந்த ஒழுக்கத்துக்கு விலை இல்லை. தோட்டத்து இருளில் ஒரு முக்காலியை நிறுத்தி நிற்கும் மாணவனுக்கும் அது கிட்டும்.

அவன் எடுக்கும் படம் வெளிநாட்டார் எடுப்பதைப்போல் மிளிராமல் இருக்கலாம். மேகம் குறுக்கிட்டிருக்கும், கொழும்பின் வெளிச்சம் ஒரு மூலையை வெளிறச் செய்திருக்கும், விண்மீன்கள் சற்றுத் தடித்திருக்கும். அவற்றை அளவாகத் திருத்துவது கலை. அதற்கு இன்றைய நிரல்கள் துணை நிற்கட்டும். ஆனால், வானம் அன்றிரவு வரக்காப்பொலைக்கு அனுப்பிய ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் எங்கேயேனும் ஒரு கோப்பில் தொடப்படாமல் இருக்கவேண்டும். அவற்றுள் எது கண்ணாடியின் துளி, எது மலையின் விளக்கு என்பதை நாளை வேறொருவர் வந்து கேட்கலாம். அப்போது எடுத்துக் காட்டுவதற்கு மூலப் படம் நம் கையில் இருத்தல் வேண்டும்.